படிக்க உரிமை போதும். எழுதப் பொது இடம் வேண்டும்

ஒரே கம்ப்யூட்டரில் இரண்டு ஆபரேட்டிங் சிஸ்டங்களை வைத்துக் கொள்வது நம் ஊருக்குப் புதிதல்ல. 2011ல் தமிழக அரசு தொடங்கிய இலவச லேப்டாப் திட்டத்தில் மாணவர்கள் பெற்ற பல லேப்டாப்களில் விண்டோஸும், சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் சேர்ந்தே இருந்தன. அண்மையில் இந்த ஆர்வம் மீண்டும் கூடியிருக்கிறது. விண்டோஸ் 10க்கு மைக்ரோசாப்ட் அளித்து வந்த வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்தது. விண்டோஸ் 11க்கு மாற முடியாத பழைய கம்ப்யூட்டர் உள்ளவர்கள், இருக்கும் விண்டோஸை அழிக்க மனம் வராமல், பக்கத்திலேயே உபுண்டு, மின்ட் போன்ற லினக்ஸ் ஒன்றைப் பதிந்து பார்க்கிறார்கள். நல்ல முயற்சிதான்.

இப்படிப் பதிந்தவர்கள் முதல் வாரத்திலேயே என்னைப் போன்ற சாப்ட்வேர் இன்ஜினியர்களிடம் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "விண்டோஸ் டிரைவில் உள்ள போட்டோ, பாட்டு, டாகுமெண்ட் எல்லாம் லினக்ஸில் தெரிகிறது. திறந்து பார்க்கவும் முடிகிறது. ஆனால் ஒரு பைலைத் திருத்தி சேவ் செய்தால் 'ரீட் ஒன்லி' என்று மறுத்துவிடுகிறது. இந்தப் பூட்டை எப்படித் திறப்பது?"

திறப்பதற்கு ஒரு வரிக் கட்டளை போதும். இன்டர்நெட்டில் தேடினால் ஐந்து நிமிடத்தில் கிடைத்துவிடும். ஆனால் அந்த வரியை நான் யாருக்கும் எழுதிக் கொடுப்பதில்லை. அடுத்த சிஸ்டத்தின் பார்ட்டிஷனில் நமக்குத் தேவையானது படிக்கும் உரிமை மட்டுமே. எழுதுவதற்கு இரண்டு சிஸ்டங்களுக்கும் பொதுவான ஓர் இடத்தை ஒதுக்கிக் கொள்ள வேண்டும் என்பது என் கருத்து. காரணங்களைச் சொல்கிறேன். படித்துவிட்டு நீங்களே முடிவு செய்யுங்கள்.

முன்பு முடியாது, இப்போது முடியும்

விண்டோஸ் தன் பார்ட்டிஷனில் பைல்களை அடுக்கி வைக்கும் முறைக்கு என்.டி.எப்.எஸ். என்று பெயர். 1993ல் விண்டோஸ் என்.டி. 3.1 உடன் இது வந்தது. 2001ல் வெளியான எக்ஸ்.பி. மூலம் வீட்டுக் கம்ப்யூட்டர்களிலும் பரவியது. இந்த முறையில் மற்றவர்களும் எழுதும் அளவுக்கு அதன் உள்விவரங்களை மைக்ரோசாப்ட் வெளியிடவில்லை. எனவே லினக்ஸ் வல்லுநர்கள், ஹார்ட் டிஸ்க்கில் எது எங்கே எழுதப்படுகிறது என்று ஒவ்வொன்றாக ஆராய்ந்துதான் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது.

படிப்பதற்கான வழி விரைவில் கிடைத்தது. எழுதுவதற்குத்தான் பல ஆண்டுகள் ஆயின. இடையில் ஒரு கட்டத்தில், ஏற்கனவே உள்ள பைலின் அளவை மாற்றாமல் உள்ளே இருப்பதை மட்டும் மாற்றலாம் என்ற நிலை இருந்தது. புதிய பைல் உருவாக்க முடியாது. 2007ல் என்.டி.எப்.எஸ்.-3ஜி என்ற சாப்ட்வேரின் முதல் நிலையான பதிப்பு வந்த பிறகு லினக்ஸிலிருந்து தாராளமாக எழுத முடிந்தது. 2021ல் வெளியான லினக்ஸ் கெர்னல் 5.15ல், பாராகான் நிறுவனம் எழுதிக் கொடுத்த என்.டி.எப்.எஸ்.3 டிரைவரும் சேர்ந்துவிட்டது.

ஆகவே இன்று உங்கள் லினக்ஸ் மறுப்பது எழுதத் தெரியாததால் அல்ல. எழுதினால் என்ன ஆகும் என்று தெரிந்ததால்தான் மறுக்கிறது. பெரும்பாலான வீடுகளில் இதற்குக் காரணம், விண்டோஸ் முழுமையாக மூடப்படாமல் இருப்பது.

ஷட் டவுன் செய்தும் மூடவில்லையா?

"நான் ஷட் டவுன் கொடுத்துத்தானே வந்தேன்" என்பீர்கள். அங்கேதான் சிக்கல். 2012ல் வந்த விண்டோஸ் 8 முதல் 'பாஸ்ட் ஸ்டார்ட்அப்' என்ற வசதி சேர்க்கப்பட்டது. இது இயங்கும் கம்ப்யூட்டரில் ஷட் டவுன் கொடுத்தால், நீங்கள் திறந்து வைத்த புரோகிராம்கள் மூடப்படும். ஆனால் விண்டோஸின் அடிப்படைப் பகுதி, அப்போது மெமரியில் எப்படி இருந்ததோ அப்படியே ஒரு பைலில் பதிந்து வைக்கப்படும். அடுத்த முறை பவர் பட்டனை அழுத்தியதும் அந்தப் பைலைப் படித்து, விட்ட இடத்திலிருந்து தொடரும். இதனால் கம்ப்யூட்டர் வேகமாகத் திறக்கும். ஹைபர்னேட் செய்தால் திறந்திருந்த புரோகிராம்களும் சேர்த்துப் பதியப்படும்.

இதில் எழுதுவது ஏன் ஆபத்து? மளிகைக் கடை ஒன்றை நினைத்துக் கொள்ளுங்கள். கணக்குப்பிள்ளை இரவில் வீட்டுக்குப் போகும்போது, பேரேட்டில் எந்தப் பக்கம் காலி, எந்தப் பக்கம் நிரம்பியது என்பதை ஒரு சீட்டில் குறித்துச் சட்டைப் பையில் போட்டுக் கொண்டு போகிறார். இரவில் இன்னொருவர் வந்து அதே பேரேட்டில், காலியாக இருந்த பக்கத்தில் தன் கணக்கை எழுதிவிடுகிறார். காலையில் வரும் கணக்குப்பிள்ளை பேரேட்டைப் புரட்டிப் பார்ப்பதில்லை. தன் சீட்டைப் பார்த்து, "இந்தப் பக்கம் காலி" என்று அதன் மேலேயே எழுதுகிறார். இரண்டு பேர் கணக்கும் பாழ்.

விண்டோஸ் மெமரியில் சேமித்து வைத்திருப்பது அந்தச் சீட்டு. ஹார்ட் டிஸ்க்தான் பேரேடு. நீங்கள் லினக்ஸிலிருந்து எழுதிய பைல், விண்டோஸ் எழுந்ததும் காணாமல் போகலாம். அதைவிட மோசம், ஏற்கனவே இருந்த வேறு பைல்களும் கெட்டுப் போகலாம். பேரேடு யார் கையில் இருக்கிறதோ அவர் கடையை மூடிவிட்டுப் போகும் வரை அடுத்தவர் எழுதக் கூடாது. 'ரீட் ஒன்லி' என்ற அறிவிப்பின் பொருள் இவ்வளவுதான்.

இதில் விண்டோஸ் மீது எனக்கு வருத்தம் உண்டு. ஷட் டவுன் என்று எழுதியிருக்கும் பட்டன் ஷட் டவுன் செய்ய வேண்டும். பாதி மூடுவதானால் அதை அங்கேயே சொல்ல வேண்டும். லினக்ஸ் பக்கமும் குறை இருக்கிறது. மவுன்ட் செய்ய முடியவில்லை, சூப்பர் பிளாக் தவறு என்றெல்லாம் நான்கு வரி மிரட்டல் காட்டுவதற்குப் பதிலாக, "விண்டோஸ் முழுமையாக மூடப்படவில்லை, அதை ஒருமுறை ரீஸ்டார்ட் செய்துவிட்டு வாருங்கள்" என்று ஒரே வரியில் சொன்னால், புதிதாக வந்தவர் கட்டளையைத் தேடி அலைய மாட்டார்.

ஒரு வரி தின்ற உழைப்பு

எனக்குத் தெரிந்தவர் ஒருவர் சிறிய அளவில் போட்டோ ஸ்டூடியோ நடத்துகிறார். அவருடைய லேப்டாப்பில் ஒரே சி டிரைவ், அதன் பக்கத்தில் உபுண்டு. ஒரு கல்யாண ஆல்பத்தின் பக்கங்களை மாலை வரை அடுக்கிக் கொண்டிருந்தவர், சேவ் செய்யாமலேயே விண்டோஸை ஹைபர்னேட் செய்துவிட்டு உபுண்டுவைத் திறந்தார். கேமரா கார்டில் இருந்த இன்னொரு நிகழ்ச்சியின் படங்களை சி டிரைவில் காப்பி செய்யப் பார்த்தார். மறுத்தது. இன்டர்நெட்டில் தேடினார். ஹைபர்னேட் பைலை நீக்கிவிட்டு டிரைவைத் திறக்கும் கட்டளை கிடைத்தது. டைப் செய்து என்டர் தட்டினார். டிரைவ் திறந்தது, படங்களும் காப்பி ஆயின.

மறுநாள் விண்டோஸ் திறந்தபோது அது புதிதாகத் தொடங்கியது. முதல் நாள் அடுக்கிய ஆல்பம் இல்லை. எங்கும் இல்லை. மெமரியிலிருந்த அந்த வேலை ஹைபர்னேட் பைலில்தான் இருந்தது. அந்தப் பைலைத்தான் கட்டளை நீக்கியிருந்தது. அவர் என்னை அழைத்துக் கேட்ட கேள்வி: "தம்பி, அந்த ஒரு வரியில் என் ஒரு நாள் வேலை போகும் என்று யாராவது எழுதியிருக்கக் கூடாதா?"

நியாயமான கேள்வி. அந்தச் சாப்ட்வேரின் கையேட்டில் இந்த எச்சரிக்கை இருக்கிறது. கட்டளையை மட்டும் காப்பி செய்து பரப்புகிறவர்கள் எச்சரிக்கையை விட்டுவிடுகிறார்கள். பூட்டைத் திறக்கும் வழியைச் சொல்லிக் கொடுப்பவர், உள்ளே என்ன இருக்கிறது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். அதற்கு நேரமில்லை என்றால் வழியையும் சொல்லாமல் இருப்பதே மேல்.

"டிஸ்க் என்னுடையதுதானே?"

இதற்கு எதிர்வாதம் ஒன்று உண்டு. "ஹார்ட் டிஸ்க் என் காசில் வாங்கியது. அதில் எங்கே எழுத வேண்டும் என்பது என் விருப்பம். சாப்ட்வேர் என்னைத் தடுப்பதா?" இந்த வாதத்தை நான் மதிக்கிறேன். உரிமை உங்களுடையதுதான். அடுத்தவர் வகுத்த முறையைப் பொறுமையாக ஆராய்ந்து எழுதும் வழியைத் திறந்த லினக்ஸ் வல்லுநர்களும் இந்த எண்ணத்தில்தான் உழைத்தார்கள்.

ஆனால் நமக்கு எப்போது அந்த உரிமை உண்மையில் தேவைப்படுகிறது என்று யோசித்துப் பாருங்கள். விண்டோஸ் திறக்க மறுக்கிறது, உள்ளே உள்ள போட்டோக்களைக் காப்பாற்ற வேண்டும் என்றால், லினக்ஸில் நுழைந்து அவற்றை வெளி ஹார்ட் டிஸ்க்கிற்குக் காப்பி செய்யலாம். அதற்குப் படிக்கும் உரிமை போதும். சொல்லப் போனால், பழுதான டிஸ்க்கில் எதையும் எழுதாமல் இருப்பதுதான் நல்லது. பழைய டாகுமெண்ட் ஒன்றைப் பார்க்க வேண்டும், ஒரு பாட்டைக் கேட்க வேண்டும் என்றாலும் படிப்பது போதும். தினமும் இரண்டு பக்கமும் திருத்த வேண்டிய பைல்களுக்குத்தான் எழுதும் உரிமை வேண்டும். அந்தப் பைல்கள் சி டிரைவில் இருக்க வேண்டிய அவசியமே இல்லை.

இன்னொன்றையும் கவனியுங்கள். விண்டோஸில் நீங்கள் சிஸ்டம் போல்டரில் கை வைத்தால் அனுமதி கேட்கும். அடுத்தவர் யூசர் போல்டரைத் திறந்தாலும் தடுக்கும். அதே சி டிரைவை லினக்ஸில் எழுதும் உரிமையுடன் திறந்தால், வழக்கமான அமைப்பில் இந்தத் தடைகள் இயங்குவதில்லை. விண்டோஸின் உயிர்நாடியான பைல்களும், அப்பாவின் வருமான வரி பைலும், பிள்ளை டவுன்லோட் செய்த கேமும் ஒரே மாதிரி போல்டர்களாகத்தான் தெரியும். வீட்டில் நான்கு பேர் பயன்படுத்தும் கம்ப்யூட்டரில், டெலீட் கீயைத் தவறுதலாக ஒருமுறை தட்டினால் போதும்.

பொதுப் பார்ட்டிஷன் அமைப்பது எப்படி?

முதலில் முக்கியமான பைல்களை வெளி ஹார்ட் டிஸ்க் ஒன்றில் காப்பி எடுத்துக் கொள்ளுங்கள். பார்ட்டிஷன் வேலை எதற்கும் இது முதல் விதி.

அடுத்து, பாஸ்ட் ஸ்டார்ட்அப்பை நிறுத்துங்கள். விண்டோஸில் கண்ட்ரோல் பேனல் சென்று, ஹார்டுவேர் அண்ட் சவுண்ட், பவர் ஆப்ஷன்ஸ் எனத் திறக்கவும். இடது பக்கம் 'சூஸ் வாட் த பவர் பட்டன்ஸ் டூ' என்பதில் கிளிக் செய்யவும். மேலே 'சேஞ்ச் செட்டிங்ஸ் தட் ஆர் கரன்ட்லி அன்அவைலபிள்' என்று ஒரு வரி இருக்கும். அதில் கிளிக் செய்தால் கீழே உள்ள கட்டங்கள் திறக்கும். 'டர்ன் ஆன் பாஸ்ட் ஸ்டார்ட்அப்' எதிரே உள்ள டிக் அடையாளத்தை எடுத்துவிட்டு சேவ் செய்யவும். எஸ்.எஸ்.டி. உள்ள கம்ப்யூட்டரில் இதனால் கூடும் நேரம் சில விநாடிகள்தான். இது பொதுப் பார்ட்டிஷனுக்கும் அவசியம். ஏனெனில் விண்டோஸ் பாதி மூடும்போது சி டிரைவை மட்டுமல்ல, தன் கையில் உள்ள மற்ற டிரைவ்களையும் அப்படியே வைத்திருக்கிறது.

இப்போது ஸ்டார்ட் பட்டனில் ரைட் கிளிக் செய்து டிஸ்க் மேனேஜ்மென்ட் திறக்கவும். சி டிரைவில் ரைட் கிளிக் செய்து 'ஷ்ரிங்க் வால்யூம்' கொடுத்துத் தேவையான இடத்தைப் பிரிக்கவும். பிரிந்த காலி இடத்தில் ரைட் கிளிக் செய்து 'நியூ சிம்பிள் வால்யூம்' மூலம் என்.டி.எப்.எஸ். ஆக பார்மட் செய்து, 'பொது' என்று பெயர் வைக்கலாம். தமிழிலேயே பெயர் கொடுக்கலாம். இரண்டு சிஸ்டங்களிலும் தெரியும். இரண்டு பக்கமும் தேவைப்படும் டாகுமெண்ட், போட்டோ, பாட்டு ஆகியவற்றை இதற்கு மாற்றிவிடுங்கள். லினக்ஸின் பைல் மேனேஜரில் இந்தப் பார்ட்டிஷனைத் திறந்து, அதிலுள்ள போல்டர்களை இடது பக்கப் பட்டியலில் சேர்த்துக் கொண்டால் தினமும் தேட வேண்டியதில்லை.

புதிய கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் ஒன்றைக் கட்டாயம் பார்க்க வேண்டும். விண்டோஸ் 11ன் 2024ஆம் ஆண்டுப் பதிப்பான 24எச்2 முதல், மைக்ரோசாப்ட் அக்கவுண்ட் மூலம் புதிதாக அமைக்கும் பெரும்பாலான கம்ப்யூட்டர்களில் டிரைவ் தானாகவே என்கிரிப்ட் செய்யப்படுகிறது. அப்படியிருந்தால், லினக்ஸில் அந்த டிரைவைத் திறக்க 48 இலக்க ரெகவரி கீ கேட்கும். லினக்ஸ் பதிந்த பிறகு சில சமயம் விண்டோஸே இதைக் கேட்டு நிற்பதுண்டு. எனவே லினக்ஸ் பதியும் முன்பே உங்கள் மைக்ரோசாப்ட் அக்கவுண்டில் இந்த எண் இருக்கிறதா என்று பார்த்து, ஒரு தாளில் எழுதி பத்திரங்களுடன் வைத்திடுங்கள்.

பொது இடத்துக்கும் சில கட்டுப்பாடுகள்

விண்டோஸை ஹைபர்னேட் செய்துவிட்டு லினக்ஸுக்கு மாறாதீர்கள். மாற வேண்டுமானால் முழுமையாக மூடுங்கள். பாஸ்ட் ஸ்டார்ட்அப்பை நிறுத்தாத கம்ப்யூட்டரில், ரீஸ்டார்ட் கொடுத்து அங்கிருந்து லினக்ஸுக்குச் செல்லலாம். ரீஸ்டார்ட் செய்யும்போது விண்டோஸ் முழுமையாகவே மூடப்படுகிறது.

பைல் பெயரில் கவனம் தேவை. முக்காற்புள்ளி, கேள்விக்குறி, நட்சத்திரக்குறி போன்றவற்றை விண்டோஸ் பைல் பெயரில் ஏற்காது. லினக்ஸ் ஏற்கும். லினக்ஸில் இருந்து 'வரவு செலவு: ஏப்ரல்' என்று சேவ் செய்த பைலை விண்டோஸில் திறக்க முடியாமல் திண்டாடுவீர்கள். எழுத்து, எண், இடைக்கோடு இவற்றோடு நிறுத்திக் கொள்ளுங்கள்.

பார்ட்டிஷனில் பிழை என்று அறிவிப்பு வந்தால் விண்டோஸுக்குச் சென்று, டிரைவின் பிராப்பர்ட்டீஸ், டூல்ஸ் பகுதியில் 'செக்' கொடுத்துச் சரி பாருங்கள். லினக்ஸில் உள்ள 'என்.டி.எப்.எஸ். பிக்ஸ்' என்ற டூல் சில சிறு பிழைகளை மட்டும் நீக்கி, மீதியை விண்டோஸ் பார்த்துக் கொள்ளும்படி குறித்து வைக்கும். அது முழு வைத்தியர் அல்ல.

மேலும், பொதுப் பார்ட்டிஷன் என்பது பேக்கப் அல்ல. அதுவும் அதே டிஸ்க்கில்தான் இருக்கிறது. டிஸ்க் போனால் எல்லாம் போகும்.

விண்டோஸிலிருந்து லினக்ஸுக்கும், மேக்கும்

விண்டோஸிலிருந்து லினக்ஸ் பார்ட்டிஷனை அணுகுவது இன்னும் கடினம். இ.எக்ஸ்.டி.4 பார்ட்டிஷனை விண்டோஸ் எக்ஸ்புளோரர் நேரடியாகப் படிப்பதே இல்லை. டபிள்யூ.எஸ்.எல். என்ற வசதி மூலம் முழு டிஸ்க் ஒன்றை இணைக்கலாம். ஆனால் விண்டோஸ் இயங்கும் அதே டிஸ்க்கை அப்படி இணைக்க முடியாது. ஒரே டிஸ்க் உள்ள லேப்டாப்புக்கு இது உதவாது. இதில் உள்ள நன்மையையும் பாருங்கள்: விண்டோஸில் வைரஸ் வந்தாலும், உங்கள் லினக்ஸ் பைல்களைத் தொடுவது அதற்கு எளிதல்ல. இந்தச் சுவர் இருப்பதே நல்லது என்பேன்.

ஆப்பிள் மேக் கம்ப்யூட்டரில் என்.டி.எப்.எஸ். டிரைவைச் செருகினால் படிக்க முடியும்; கூடுதல் சாப்ட்வேர் இன்றி எழுத முடியாது. மூன்று சிஸ்டங்களுக்கும் பொதுவான வெளி டிஸ்க் அல்லது பென் டிரைவ் வேண்டுமென்றால் எக்ஸ்பேட் ஆக பார்மட் செய்யுங்கள். மைக்ரோசாப்ட் இதன் விவரங்களை 2019ல் வெளியிட்டது. அதே ஆண்டு லினக்ஸ் கெர்னலிலும் இது இடம் பெற்றது. பழைய பேட்32 போல ஒரு பைல் 4 ஜி.பி.யைத் தாண்டக் கூடாது என்ற தொல்லை இதில் இல்லை. ஆனால் என்.டி.எப்.எஸ். போல மாற்றங்களை முன்கூட்டியே குறித்து வைக்கும் பதிவேடு இதற்குக் கிடையாது. எழுதும்போது பிடுங்கினாலோ கரண்ட் போனாலோ பைல்கள் கெடும் வாய்ப்பு அதிகம். எனவே கம்ப்யூட்டருக்கு உள்ளே என்.டி.எப்.எஸ்., வெளியே எடுத்துச் செல்ல எக்ஸ்பேட் என்று பிரித்துக் கொள்வது நல்லது.

எக்ஸ்பேட் விஷயத்தில் நடந்ததைப் பாருங்கள். விவரங்கள் வெளிவந்தன, அதே ஆண்டில் அடுத்த சிஸ்டத்திலும் எழுத வழி பிறந்தது. என்.டி.எப்.எஸ். விவரங்களும் முழுமையாக வெளியாகியிருந்தால் நமக்கு இத்தனை ஆண்டுகள் தலைவலி இருந்திருக்காது. இதைக் கேட்பது நம் உரிமை. கேட்டுக் கொண்டே இருப்போம்.

அதுவரையிலும், அதற்குப் பிறகும், ஒரு பேரேட்டில் ஒரு நேரத்தில் ஒருவர்தான் எழுத முடியும் என்ற விதி மாறப் போவதில்லை. 'ரீட் ஒன்லி' என்று அடுத்த முறை பார்க்கும்போது கட்டளையைத் தேடாதீர்கள். விண்டோஸை ஒழுங்காக மூடினோமா என்று மட்டும் பாருங்கள். பெரும்பாலும் அதுவே போதும்.